செவ்வாய்க்குப் போய்வந்த ரோசரி டீச்சர்

ரோசரியின் கணவர் சவரிநாதன் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தகர வேலை பார்த்தவர். 1938 சித்திரையில் மதராஸிலிருந்து ஒரு படக் கம்பெனி திருச்சிக்கு வந்தது. மனிதர்கள் விமானத்தில் ஏறிச் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிற கதையை எடுக்கப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் அதே பேச்சு. ஊட்டத்தூருக்கு அப்பால் காரை என்கிற கிராமத்துப் பக்கம் புல்பூண்டு முளைக்காத மண்மேடுகள் இருக்கின்றன. அதுதான் செவ்வாய். லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த தகர விமானம் வழியெல்லாம் குலுங்கியதில் அதன் கதவு கோணிக்கொண்டுவிட்டது. கதவு திறக்காவிட்டால் கதாநாயகன் எப்படி வெளியே வருவான்? ஆள் தேடிக்கொண்டு பொன்மலைக்கு வந்தார்கள். சவரிநாதன் மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டார்.

"செவ்வாய்க்குப் போயிட்டு வரேன்" என்றாராம் வாசலில் நின்று.

"வரும்போது மண்ணெண்ணெய் வாங்கிட்டு வாங்க" என்றாளாம் ரோசரி.

இதையெல்லாம் அவளே என்னிடம் சொன்னாள். என் பெயர் செண்பகவல்லி. ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு, பாலக்கரைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கு வேலைக்குப் போய் வந்தேன். அங்கே ஒன்பது வருஷம் அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர், நான் நாலாம் வகுப்பு. நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான் சுவர். அவள் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் என் பிள்ளைகளும் சேர்ந்து சொல்வார்கள். அத்தனை கணீரென்ற குரல். குள்ளமான உருவம், ஓடுகிற மாதிரி நடை. புள்ளம்பாடி மாதாகோயில் உபதேசியாரின் மகள். இருபது வயதில் சவரிநாதனைக் கட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தவள்.

மூன்று நாள் கழித்து அவர் முகமெல்லாம் கறுத்துத் திரும்பி வந்தார். மண்ணெண்ணெய் வாங்க மறந்துபோயிற்று. ஆனால் பெரிய சேதி ஒன்று கொண்டுவந்திருந்தார். கதவை என்ன சரிசெய்தும், உள்ளேயிருந்து ஒருத்தர் தோள் கொடுத்துத் தள்ளினால்தான் அது திறந்தது. தள்ளத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். அதனால் அவருக்கே ஒரு காக்கி உடுப்பை மாட்டி, விமானத்தின் மெக்கானிக்காகப் படத்தில் சேர்த்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் படம் திருச்சிக்கு வந்தது. 'செவ்வாய் யாத்திரை' என்று பெயர். இரண்டு பேரும் போனார்கள். படம் பாதி ஓடியபிறகு விமானம் செவ்வாயில் இறங்குகிறது. கதவு திறக்கிறது. முதலில் வெளியே வருகிறவர் சவரிநாதன். கந்தைத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நாலு பக்கமும் பார்க்கிறார். அப்புறம் பக்கவாட்டில் எதையோ பார்த்து, பல்லெல்லாம் தெரிய, தோள் குலுங்கச் சிரிக்கிறார். அவ்வளவுதான். பின்னாலேயே கதாநாயகன் வந்து பாட ஆரம்பித்துவிடுகிறான்.

"அதோ, அதோ நான்!" என்று இவர் கத்தியதில் கொட்டகையே திரும்பிப் பார்த்ததாம்.

வீட்டுக்கு வரும் வழியில் ரோசரி கேட்டிருக்கிறாள். "எதைப் பார்த்து அப்படிச் சிரிச்சீங்க?"

"உன்னை நினைச்சேன். சிரிப்பு வந்துடுச்சு."

"ஏன், நான் அவ்வளவு கோமாளியா?"

எத்தனை தடவை கேட்டாலும் அவர் பதிலை மாற்றவில்லை. "ஒரு நாள் கூட்டிட்டுப் போய் இடத்தைக் காட்டுறேன். அங்க நின்னு பார்த்தா உனக்கே தெரியும்" என்பார். இதோ, அதோ என்று அந்த நாள் தள்ளிக்கொண்டே போயிற்று.

ஜெர்மன்காரன் சண்டை வந்தது. ரயில் வேலை தெரிந்தவர்களைப் பட்டாளத்தில் கேட்டார்கள். 1941இல் சவரிநாதன் பெயர் கொடுத்துவிட்டார். "ரயில் எங்க ஓடுனாலும் ரயில்தானே" என்று சொல்லிவிட்டு ஈராக்கிலிருக்கிற பாஸ்ராவுக்குக் கப்பலேறினார். கல்யாணத்தில் எடுத்த போட்டோ ஒன்றே ஒன்றுதான் அவர்களிடம் இருந்தது. அதைத் தம்மோடு எடுத்துக்கொண்டு போனார். அவளுக்குத்தான் அவர் முகம் மனப்பாடமாயிற்றே என்றாராம்.

மறு வருஷம் செப்டம்பரில் தந்தி வந்தது. பாஸ்ரா ஆஸ்பத்திரியில் விஷக்காய்ச்சலில் போய்விட்டார். அன்றைக்கு ஸ்கூலுக்கே வந்து தந்தியைக் கொடுத்தார்கள். ரோசரி வாசித்தாள், மடித்தாள், சாக்பீஸைப் பெட்டிக்குள் வைத்தாள். தட்டியைச் சுற்றிக்கொண்டு என் வகுப்புக்கு வந்து, "என் பிள்ளைங்களையும் கொஞ்சம் பார்த்துக்க, செண்பகம்" என்றாள். நாலைந்து மாதம் கழித்து அவர் பெட்டி வந்து சேர்ந்தது. ஜெபமாலை, சவரக்கத்தி, இரண்டு சட்டை. போட்டோ இல்லை. காய்ச்சல் வார்டில் யாராவது எரித்திருப்பார்கள், அல்லது அவரோடேயே புதைத்திருப்பார்கள். கேட்க யாரிருக்கிறார்கள்?

அதற்குப் பிறகு அவள் வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தட்டிக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் நின்றுபோயிற்று.

என் தமையன் சக்ரபாணி திருச்சியில் ஒரு டாக்கீஸில் ஆபரேட்டர். எங்கள் குடும்பம் தலைமுறையாய்ப் பெருமாள் கைங்கரியம் செய்கிற குடும்பம். இவன் மட்டும் மிஷினைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று அம்மாவுக்குத் தீராத வருத்தம். 1943இல் பிலிம் தட்டுப்பாடு வந்து புதுப்படங்கள் குறைந்துபோயின. கொட்டகைக்காரர்கள் பழைய படங்களையெல்லாம் தூசி தட்டி எடுத்தார்கள். ஒரு நாள் அண்ணா என்னைக் கூப்பிட்டான்.

"செண்பா, உங்க ஸ்கூல் டீச்சர் ஒருத்தி தினம் சாயங்கால ஆட்டத்துக்கு வரா. நன்னா ஒக்காந்து பாக்கறா. ஆறாவது ரீல் பாதில எழுந்து போயிடறா. ஒரு நாள்கூடக் கடைசி வரைக்கும் இருந்ததில்லே. அப்படி என்ன கோபம் அந்தப் படத்து மேல?"

"என்ன படம் அண்ணா?"

"செவ்வாய் யாத்திரை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுநாள் ஸ்கூல் விட்டதும் ரோசரியோடு நானும் நடந்தேன். அவளே எனக்கும் டிக்கெட் வாங்கினாள். பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். செவ்வாய் ராஜா ஜரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு பூலோகத்தைப் பார்த்துப் பாடினார். விஞ்ஞானி பாடினார். விஞ்ஞானியின் மகளும் பாடினாள். கடைசியில் விமானம் இறங்கிற்று. ரோசரியின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. சுவர் உயரத்துக்குச் சவரிநாதன் வந்து நின்றார். கையைத் துடைத்தார், சிரித்தார். அவளுடைய உதடுகளும் கூடவே அசைந்தன. என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

"வா, போகலாம்" என்றாள்.

தெப்பக்குளம் வரை நடந்தோம். அங்கே வந்ததும், "அவர் முகம் எனக்கு மறந்துகிட்டே வருது செண்பகம்" என்றாள். "மூக்கு ஞாபகம் இருக்கு. வாய் ஞாபகம் இல்ல. எங்கிட்ட ஒரு போட்டோகூட இல்லையே. இந்தப் படத்தை எடுத்துட்டாங்கன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அதை அப்படியே அண்ணாவிடம் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்துப் படத்தை எடுத்தார்கள். பெட்டி முசிறிக்குப் போயிற்று. அன்று சாயங்காலம் அண்ணா ஒரு பழுப்புக் கவரை என்னிடம் நீட்டினான். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பிலிம் துண்டு. தபால் தலையைவிடச் சின்னதாய் ஐந்து படங்கள்.

"ஆறாவது ரீல் அறுந்துது. ஒட்டறச்சே மிஞ்சினது" என்றான். "அடுப்பங்கரைப் பக்கம் வெக்கவேண்டாம்னு சொல்லு. குப்புனு பத்திக்கும்."

"தானா அறுந்துதா?"

"பழைய பிரிண்ட். அறுந்துபோகாம என்ன பண்ணும்?" என்று சொல்லிக்கொண்டே வெளியே போய்விட்டான்.

ரோசரி அதை வகுப்பு ஜன்னலில் வெளிச்சத்துக்கு எதிராய்ப் பிடித்துப் பார்த்தாள். மத்தியான மணி அடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்திலும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பின்னால் ஒட்டகம் படுத்த மாதிரி ஒரு மேடு, அதன் ஓரத்தில் விமானத்தின் கதவு.

"நான் அங்க போகணும்" என்றாள்.

"எங்கே?"

"செவ்வாய்க்குத்தான். பாஸ்ராவுக்கு நான் எப்படிப் போவேன்? கல்லறை எந்தப் பக்கம் இருக்குன்னுகூட யாரும் எழுதல. இங்கன்னா போகலாம். ரயில் இருக்கு."

1944 பொங்கல் லீவில் கிளம்பினோம். அண்ணா துணைக்கு வருகிறான் என்பதால் எங்கள் அகத்தில் என்னைப் போக விட்டார்கள். கொள்ளிடம் பாலம் தாண்டியதும் ஒரே பச்சை. லால்குடியில் கரும்புக் கட்டோடு ஒரு கூட்டம் ஏறிற்று. ரோசரி ஜன்னலோரமாய் உட்கார்ந்து மடியில் ஜெபப் புஸ்தகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். பிலிம் அதற்குள்தான் இருந்தது. புள்ளம்பாடியில் இறங்கி அவள் அத்தை வீட்டுக்குப் போனோம். அத்தை எங்களுக்குக் காப்பி கொடுக்கத் தயங்கினாள். அண்ணா தானே டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அகத்தில் மூச்சு விடாதே என்று எனக்குக் கண்ணால் சொன்னான். அத்தை மகன் வண்டி கட்டினான்.

வழி நீண்டுகொண்டே போயிற்று. இரண்டு பக்கமும் அறுத்த சோளக்கொல்லைகள், வெடித்துக்கிடந்த பருத்தி. ஊட்டத்தூர் தாண்டி ஒரு திருப்பத்தில் வண்டி நின்றது. "இதுக்கு மேல மாடு போகாதுங்க" என்றான் அத்தை மகன்.

இறங்கி ஒரு மேட்டில் ஏறினோம். அந்தப் பக்கம் பூமியே இல்லாத மாதிரி இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் மழைத் தண்ணீர் அரித்த ஓடைகளும் முகடுகளும். ஒரு மரம் இல்லை. நிறம்தான் எங்களைத் திகைக்க வைத்தது. செம்மண், அதன் மேல் மஞ்சள் வரி, நடுநடுவே வெளுத்த சாம்பல். கால் வைத்த இடத்திலெல்லாம் கண்ணாடிச் சில் மாதிரி ஏதோ மின்னிற்று. அண்ணா குனிந்து ஒரு கல்லை எடுத்தான். சுருண்ட சிப்பி, ஆனால் கனமான கல்.

"இவ்வளவு சிவப்பா!" என்றாள் ரோசரி. "படத்துல எல்லாம் சாம்பலா இல்ல இருந்துச்சு. அவர் வந்து சொன்னார், ரத்தினம் மாதிரி இருந்துச்சுன்னு. நான்தான் நம்பல."

ஒட்டகமேட்டைக் கண்டுபிடிப்பது சுலபமாயில்லை. எந்த மேட்டைப் பார்த்தாலும் ஒட்டகமாகத்தான் இருந்தது. ஐந்தாறு மழைக்காலம் வேறு அவற்றைக் கரைத்திருந்தது. ரோசரி பிலிமை வானத்துக்கு எதிராய்த் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மேடு மேடாய் ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அலைந்தோம். கடைசியில் அண்ணாவுக்குத் தொழில் புத்தி வேலை செய்தது.

"நிழலைப் பாருங்கோ. அவர் மூஞ்சில வெயில் எதிர்லேர்ந்து அடிக்கறது. வெளில எடுக்கறதுன்னா காலம்பறதான் எடுப்பா. அப்போ மேடு மேற்கே இருக்கணும். கொஞ்சம் பின்னாடி வாங்கோ. இன்னும். இன்னும் பத்தடி. இப்போ பாருங்கோ."

ரோசரி பார்த்தாள். அப்புறம் அசையாமல் நின்றுவிட்டாள். நானும் வாங்கிப் பார்த்தேன். சின்னப் படத்துக்குள் இருந்த மேடும் எதிரே நின்ற மேடும் ஒன்றோடொன்று பொருந்தின. ஒரு திமில் மட்டும் கொஞ்சம் சரிந்திருந்தது.

"அவர் நின்ன இடத்துல போய் நிக்கறேளா?" என்று அண்ணா கேட்டான்.

"வேண்டாம் சார். இங்கயே நிக்கறேன். இங்கேருந்துதானே அவரைப் பார்க்க முடியும்."

நாங்கள் இரண்டு பேரும் விலகிப்போய் உட்கார்ந்தோம். அப்போதுதான் ஓடையிலிருந்து ஆடுகள் ஏறி வந்தன. பின்னாலேயே நாற்பது வயதில் ஒரு பெண், தோளில் துரட்டியோடு. எங்களைப் பார்த்ததும் நின்றாள்.

"சினிமாக்காரங்களா? மறுபடியும் எடுக்க வந்துட்டீங்களா?"

இல்லை, சும்மா பார்க்க வந்தோம் என்றேன். தன் பெயர் ராசாத்தி என்றாள். சினிமா எடுத்த மூன்று நாளும் வேலை வெட்டியை விட்டுவிட்டு ஊரே இங்கேதான் கிடந்ததாம். ரோசரி கையிலிருந்ததைப் பார்த்து, "அது என்ன தாயி?" என்று நெருங்கினாள். ரோசரி பிலிமை அவள் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினாள். ராசாத்தி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"அட, கதவு தள்ளுன அண்ணன்!"

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் ரோசரி.

"தெரியாம என்ன? என்னைத் திட்டு வாங்காம காப்பாத்துன ஆளாச்சே. நம்ம குட்டி ஒண்ணு, பொறந்து ரெண்டு மாசம். இடுப்புல தூக்கி வச்சிருந்தேன், துள்ளி ஓடிருச்சு. அங்க ஒரு ராசா வேசக்காரர், வெயில் தாங்காம பாறை நெழல்ல படுத்துத் தூங்கிட்டிருந்தார். நேரா போயி அவரு தாடியக் கடிக்க ஆரம்பிச்சிருச்சு. பாதி தாடி அது வாயில, பாதி அவரு மூஞ்சில! அந்த நேரம் பார்த்துக் கதவு திறக்குது, இந்த அண்ணன் வெளிய வர்றாரு, அதப் பாக்குறாரு. அடக்க முடியல அவரால. அப்படிச் சிரிச்சாரு. அப்புறம் எல்லாரும் என்னை அடிக்க வந்தாங்க. இவருதான் குறுக்க வந்து, 'விடுங்கய்யா, செவ்வாய்ல ஆடு இருக்கக் கூடாதுன்னு யார் சொன்னா?'ன்னாரு."

ரோசரி பிலிமைக் கீழே இறக்கினாள்.

"தாடியா?" என்றாள்.

"ஆமா தாயி. ஜரிகை வச்ச தாடி."

"பாவி மனுசன்!" என்றாள் ரோசரி. "என்னை நினைச்சுச் சிரிச்சேன்னு அஞ்சு தடவை சத்தியம் பண்ணாரே!" சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மெல்ல, அப்புறம் அந்தக் கணீர்க் குரலில், மேடுகளில் எதிரொலிக்கும்படி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிவப்பு மண்ணில் உட்கார்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அண்ணா முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாயிற்று என்று சொல்ல எனக்குத் தெரியாது. தந்தி வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ராசாத்தி பயந்துபோய் என்னைப் பார்த்தாள். இவள் அவர் மனைவி, அவர் இறந்துவிட்டார் என்று சொன்னேன். அவள் துரட்டியைக் கீழே போட்டுவிட்டு ரோசரியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுகை ஓயும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம் ஆடுகளைக் காட்டி, "இந்த நாலும் அந்தக் குட்டியோட பேரன் பேத்திங்கதான், தாயி. எல்லாம் அதே திருட்டுப் புத்தி" என்றாள்.

அது உண்மை என்பதுபோல் அதிலொன்று ரோசரியின் முந்தானையைக் கடித்து இழுத்தது.

கிளம்புவதற்கு முன் ரோசரி முழங்காலிட்டு மரித்தவர்களுக்கான ஜெபத்தைச் சொன்னாள். ராசாத்திக்கு அது புரியவில்லை, எனக்கும் பாதிதான் புரிந்தது. ஆனாலும் கையைக் கூப்பிக்கொண்டு நின்றோம். அண்ணா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். வெயில் சாய்ந்து மண் இன்னும் சிவந்துகொண்டு வந்தது.

வண்டியில் திரும்பும்போது ரோசரிக்குப் பசி வந்துவிட்டது. நான் கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதம் முழுவதையும் அவளே சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே அவரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். குறட்டை விடுவாராம். மீன்குழம்பில் புளி தூக்கலாக இருக்கவேண்டுமாம். தேவாரத்தையும் அந்தோனியார் பாட்டையும் கலந்து பாடுவாராம். ஒன்றரை வருஷமாய் வாயில் வராத பேரை அன்று ஒரு வழிப் பயணத்துக்குள் நூறு தடவை சொன்னாள்.

சண்டை முடிந்த பிறகு அண்ணா அந்தப் படத்தின் பிரிண்ட் எங்காவது கிடைக்குமா என்று மதராஸ் வரை விசாரித்தான். கம்பெனியே கலைந்துபோயிருந்தது. பழைய பிரிண்டுகளை எரித்து அதிலுள்ள வெள்ளியை எடுத்துவிட்டார்கள் என்று யாரோ எழுதினார்கள். ரோசரியிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் தவித்துவிட்டுச் சொன்னேன். "அடடா, அந்த விஞ்ஞானி மக நல்லாப் பாடுவாளே" என்று மட்டும் சொன்னாள்.

மறுமணத்துக்கு இரண்டு இடத்திலிருந்து கேட்டு வந்தார்கள். முடியாது என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பதிலாக உட்கார்ந்து படித்தாள். ஹையர் கிரேடு ஆசிரியர் பரீட்சை எழுதினாள், முதல் தடவையிலேயே தேறினாள். 1949 ஜூனில் லால்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாகப் போனாள். ரயிலடியில் அண்ணாதான் பெட்டியைத் தூக்கி வைத்தான். எனக்கு ஒரு வாரம் தட்டிக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை. புதிதாக வந்த பெண் மெல்லிய குரலில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள்.

மாதம் ஒரு கடிதம் தவறாமல் எழுதுகிறாள். வாடகை வீடு வாய்க்கால் ஓரம். பள்ளிக்கு ஒன்றரை மைல் நடக்கவேண்டியிருக்கிறதாம். போன வாரம் வந்ததில், சைக்கிள் கற்றுக்கொள்வதாக எழுதியிருக்கிறாள். முப்பத்திரண்டு வயதில் புடவையோடு. இரண்டு தடவை வாய்க்காலில் விழுந்தாளாம். இந்த ஞாயிற்றுக்கிழமை பிரேக் பிடிக்கப் பழகவேண்டும் என்று கடைசி வரியில் எழுதி, கீழே கோடு போட்டிருக்கிறாள்.